மன்றோ துரை யாரு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழ்ல தீவுத்திடல் குதிரை சிலைய பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தேன், அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு நான் எதிர்பாக்கவே இல்ல. சிலர் கோவமா, சிலர் பக்தியா, சிலர் ஸ்கூல் பசங்க மாதிரி ஆர்வமா கேட்டிருக்கீங்க. அதனால இந்த தடவ பகுதி முழுக்க 1820லேருந்து 1827 வரைக்கும் மெட்ராஸ் கவர்னரா இருந்த சர் தாமஸ் மன்றோவுக்கே விட்டுட்டேன்.

கேள்வி: அந்த சிலையில மன்றோ சேணம் இல்லாம, அங்கவடி இல்லாம குதிரை மேல உக்காந்திருக்காரே. செஞ்ச சிற்பி மறந்துட்டாரு, அப்புறம் யாரோ ஒரு சின்னப் பையன் தப்ப கண்டுபிடிச்சதும் அவமானம் தாங்காம தற்கொலை பண்ணிக்கிட்டாருன்னு எங்க தாத்தா சொல்வாரு. உண்மையா?
*வாசகர், பல்லாவரம்*

பதில்: எங்க வீட்லயும் இதே கதைதான் சொன்னாங்க தம்பி, பஸ்ல அந்த வழியா போகும்போதெல்லாம் ஜன்னல் வழியா அங்கவடி இருக்கான்னு எட்டி எட்டி பாத்திருக்கேன். ஆனா கதை உண்மை இல்ல. சிலைய செஞ்சவர் லண்டன்ல அப்போ ரொம்ப பேர் வாங்கின சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரி. மன்றோ செத்ததுக்கு அப்புறம் மெட்ராஸ்ல இருந்தவங்க சந்தா போட்டு பணம் சேத்து, சிலைய கப்பல்ல கொண்டு வந்து 1839ல நிறுத்தினாங்க. சாண்ட்ரி 1841ல நோய்ப்பட்டுதான் இறந்தாரு. மறதி கதை நிக்காததுக்கு இன்னொரு சாட்சியும் இருக்கு, லண்டன் டிரபால்கர் ஸ்கொயர்ல அவர் செஞ்ச நாலாம் ஜார்ஜ் ராஜாவோட குதிரையிலயும் சேணமும் கிடையாது அங்கவடியும் கிடையாது. ஒரே ஆள் ராஜாவுக்கும் மறந்து கவர்னருக்கும் மறக்க மாட்டாரு இல்லையா, பழைய ரோமாபுரி பாணியில அப்படித்தான் செய்யணும்னு அவர் முடிவு பண்ணி செஞ்ச வேலை அது. அடுத்த தடவ அந்தப் பக்கம் போனா கிட்ட போய் நின்னு பாருங்க, குதிரையோட தோளும் கழுத்தும் அப்படியே உயிரோட நிக்குற மாதிரி இருக்கும்.

கேள்வி: கவர்னரா வர்றவங்கல்லாம் பிரபு குடும்பத்து ஆளுங்கதானே சார்? இவரும் பெரிய வீட்டுப் பிள்ளையா?
*கல்லூரி மாணவி, திண்டிவனம்*

பதில்: இல்லம்மா, இவர் கதை வேற. 1761ல ஸ்காட்லாந்து கிளாஸ்கோவுல பிறந்தவர். அப்பா அமெரிக்காவுல வர்ஜீனியாவோட புகையிலை வியாபாரம் பண்ணிட்டு நல்லா இருந்தவர்தான், ஆனா அமெரிக்க சுதந்திரப் போர் வந்துச்சு, வியாபாரம் படுத்துடுச்சு, குடும்பம் நொடிச்சுப் போச்சு. பையனுக்கு கிழக்கிந்திய கம்பெனி பட்டாளத்துல கேடட் வேலை கிடைச்சு 1780 ஜனவரியில மெட்ராஸ் வந்து இறங்கினப்போ வயசு 18. சின்ன வயசுல தட்டம்மை வந்து காது வேற கொஞ்சம் மந்தம். வந்த அதே வருஷம் மைசூர ஆண்ட ஹைதர் அலி கர்நாடகத்துக்குள்ள, அதாவது அப்போ ஆற்காடு நவாப் ஆண்ட நம்ம பக்கத்துக்குள்ள, புகுந்துட்டாரு, காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூர்ல கர்னல் பெய்லியோட படை மொத்தமா அழிஞ்சப்போ, உதவிக்கு போய் சேராம நின்ன ஹெக்டர் மன்றோவோட படையில இந்தப் பையனும் இருந்தான். (ஹெக்டர் மன்றோ வேற ஆளு, பேரு மட்டும்தான் ஒண்ணு, நிறைய பேர் குழப்பிக்கிறாங்க.)

அவர் தன்னோட அக்கா தங்கச்சிக்கு எழுதின கடிதங்கள் இன்னைக்கும் இருக்கு. அதுல ஒண்ணுல சொல்றாரு, இந்தியாவுக்கு வர்ற வரைக்கும் பசி, தாகம், அலுப்பு, வறுமை எதுவும் எனக்கு தெரியாது, வந்த அப்புறம் முதல் மூணையும் அடிக்கடி பாத்துட்டேன், கடைசி ஆளு மட்டும் எப்பவும் கூடவே இருக்காருன்னு. இங்க வந்து மூணு வருஷம் வரைக்கும் தலைக்கு வெக்க தலகாணி கிடையாதாம், ஒரு புஸ்தகம் இல்லன்னா தோட்டா வைக்கிற தோல் பை, அதுதான் தலைமாட்டுல. அந்த சம்பளத்துலயும் மிச்சம் புடிச்சு ஊருக்கு அப்பாவுக்கு பணம் அனுப்பியிருக்காரு. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைய அனுப்பின வீட்டுக்காரங்களுக்கு இது நல்லாவே புரியும்.

அந்த காலத்துல தான் பாரசீகமும் இந்துஸ்தானியும் உக்காந்து படிச்சாரு. பட்டாளத்துல இருந்த முக்கால்வாசி வெள்ளைக்காரங்க அத செய்யல. அந்தப் படிப்புதான் பின்னாடி அவருக்கு வேற வழிய திறந்து விட்டுச்சு.

கேள்வி: ஐயா, நான் ஊத்தங்கரை பக்கம் ஏழு ஏக்கர் வெச்சிருக்கற விவசாயி. எங்க ஊர் பழைய கணக்குப்பிள்ளை குடும்பத்து பெரியவர் ஒருத்தர், உன் கையில இருக்கற பட்டாவுக்கு மூலமே மன்றோ துரைதான்னு அடிச்சு சொல்றாரு. ஜமாபந்தி கூட அவர் ஆரம்பிச்சதாம். எவ்வளவு தூரம் நிஜம்?
*விவசாயி, கிருஷ்ணகிரி மாவட்டம்*

பதில்: ஐயா, நீங்க எங்க உக்காந்து இத கேக்குறீங்கங்கறதே விசேஷம், ஏன்னா இந்தக் கதை உங்க மண்ணுலதான் ஆரம்பிக்குது. 1792ல திப்பு சுல்தான் உடன்படிக்கையில பாராமகால விட்டுக் கொடுத்தாரு, அதாவது இன்னைக்கு இருக்கற கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் பக்கம். அங்க வரி நிர்வாகம் பாக்க கேப்டன் அலெக்சாண்டர் ரீட்னு ஒரு பட்டாளத்து ஆபீசர போட்டாங்க, சிவில் ஆளுங்களுக்கு ஜனங்க பாஷை தெரியலன்னுதான் பட்டாளத்துல பாஷை தெரிஞ்சவங்கள புடிச்சாங்க. ரீடுக்கு கீழ அசிஸ்டென்ட்டா வந்தவங்கள்ல ஒருத்தர்தான் மன்றோ. ஏழு வருஷம் இருந்தாரு, தர்மபுரியில ஒரு தோட்டம் போட்டு ஆசையா வளத்தாரு, 1799ல அந்த ஊர விட்டு கிளம்பறப்போ மனசு கனத்துப் போச்சுன்னு வீட்டுக்கு எழுதியிருக்காரு.

அப்போ இருந்த பெரிய கேள்வி இதுதான், நிலவரிய யார்கிட்ட வாங்கறது? வங்காளத்துல காரன்வாலிஸ் 1793ல நிரந்தர செட்டில்மென்ட்னு கொண்டு வந்து ஜமீன்தார்கிட்ட மொத்தமா ஒரு தொகைய பேசி விட்டுட்டாரு, குடியானவன் ஜமீன்தாரோட தயவுல கிடந்தான். ரீடும் மன்றோவும் ஊர் ஊரா அலைஞ்சு பாத்துட்டு, நடுவுல ஆளே வேணாம், நிலத்த உழற ரயத்துகிட்டயே நேரா பேசுவோம், அவன் பேருக்கு எவ்ளோ நிலம் எவ்ளோ தீர்வைன்னு எழுதி கொடுப்போம்னாங்க. ரயத்துவாரிங்கற பேரே அப்படித்தான் வந்துச்சு. யோசனை முதல்ல ரீடோடது, அத புடிச்சு பெருசா வளத்தது மன்றோ, பேரும் மன்றோவுக்கே நின்னு போச்சு. உங்க பெரியவர்கிட்ட இத மட்டும் சொல்லுங்க, ரீடுக்கும் ஒரு பங்கு சேரணும்.

அப்புறம் 1800ல நிஜாம் கம்பெனிக்கு கொடுத்த நாடு, பெல்லாரி அனந்தபூர் கடப்பா கர்னூல்ல ஒரு பகுதி, இப்ப ராயலசீமான்னு சொல்றமே, பெரும்பாலும் அது. தெலுங்கு சினிமா வியாபாரத்துல இன்னைக்கும் அந்த ஏரியாவ சீடட்னுதான் சொல்வாங்க, அதுக்கு அர்த்தம் நிஜாம் விட்டுக் கொடுத்ததுன்னு தான். அதுக்கு கலெக்டரா போன மன்றோ ஏழு வருஷம் பெரும்பாலும் கூடாரத்துலயே வாழ்ந்தாரு. 1802லேருந்து நில அளவை. 33 அடி சங்கிலிய எடுத்துக்கிட்டு அளக்கறவங்க வயல் வயலா இறங்கினாங்க. ஒரு சங்கிலி நீளம் ஒரு சங்கிலி அகலம் அளந்தா அது ஒரு குண்டா, 40 குண்டா ஒரு ஏக்கர், ஆந்திராவுலயும் கர்நாடகாவுலயும் இன்னைக்கும் நிலம் வாங்கறவங்க குண்டா கணக்குதான் பேசறாங்க. அளந்ததுக்கு அப்புறம் மண்ணு தரம் பிரிக்கறது, அதுக்கப்புறம் ஒவ்வொருத்தர் பேருக்கும் தீர்வை. ஊர்ல எல்லா ரயத்தும் கூடாரத்து முன்னாடி கூடி நிப்பாங்க, கர்ணம் கணக்க படிப்பாரு, எனக்கு மழை இல்ல என் ஏரி உடைஞ்சு போச்சுன்னு ஒவ்வொருத்தனும் சொல்வான், காது மந்தமான அந்த துரை முன்னால சாஞ்சு உக்காந்து கேக்கணும். நீங்க வருஷா வருஷம் மே ஜூன்ல தாலுகா ஆபீஸ் ஜமாபந்தியில மனுவோட நிக்கறீங்களே, பசலி கணக்கு முடிக்கறாங்களே, அந்த நடைமுறையோட ரூபம் இதுதான். ஜமாபந்திங்கற வார்த்தை அவருக்கு முன்னாடியே முகலாயர் காலத்துலேருந்து இருக்கு, ஆனா ஒவ்வொரு ரயத்து பேர்லயும் பட்டா எழுதி வருஷா வருஷம் கணக்கு பாக்கறத நம்ம பக்கம் நிலைக்க வெச்சது இவங்கதான்.

இதோட நிறுத்தினா நான் பாதி உண்மை சொன்ன மாதிரி ஆயிடும். அந்த தீர்வை எவ்ளோ தெரியுமா? விளைச்சல்ல கிட்டத்தட்ட பாதி! அவர் கலெக்டரா இருந்த காலத்துல அந்த நாட்டோட வரி வசூல் சுமார் 10 லட்சம் வராகன்ல இருந்து சுமார் 15 லட்சம் வராகனுக்கு போச்சு. கம்பெனிக்கு சந்தோஷம். ஆனா இவ்ளோ வரி போட்டா நிலத்த விலைக்கு வாங்க ஒருத்தனும் வர மாட்டான், நிலத்துக்கு மதிப்பே இருக்காதுன்னு மன்றோவுக்கே தெரிஞ்சிருந்துச்சு. 1807ல ஊருக்கு கிளம்பறதுக்கு முன்னாடி 25 சதவீதம் குறைங்கன்னு எழுதி வெச்சாரு. மேல இருந்தவங்க கேக்கல, அவர் போனதும் ரயத்துவாரியையே தூக்கிட்டு கிராமத்த மொத்தமா குத்தகைக்கு விட்டாங்க, ஊருக்கு ஊரு குடியானவன் நொடிச்சு போனான். அதுக்கும் முன்னாடியே சேலம் பக்கம் நிலத்த மிட்டா மிட்டாவா, அதாவது சின்ன சின்ன ஜமீன் மாதிரி, பிரிச்சு ஏலம் போட்டதுதான் உங்க பக்கத்து மிட்டாதாரர் கதையெல்லாம். 1820ல கவர்னரா திரும்பி வந்து உக்காந்த அப்புறம்தான் தான் முன்ன சொன்ன அந்த 25 சதவீத குறைப்ப தானே கொடுக்க முடிஞ்சுது. பதிமூணு வருஷம் லேட். அந்த பதிமூணு வருஷத்துல நிலத்த விட்டுட்டு ஓடினவனுக்கு அது என்ன பிரயோஜனம்?

கேள்வி: பிரிட்டிஷ்காரன் வர்றதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல பள்ளிக்கூடமே இல்லன்னு ஒரு கோஷ்டி சொல்லுது, எல்லாருக்கும் பள்ளிக்கூடம் இருந்துச்சு மன்றோவே கணக்கெடுத்திருக்காருன்னு இன்னொரு கோஷ்டி சொல்லுது. எது சரி?
*ஓய்வு பெற்ற ஆசிரியை, கும்பகோணம்*

பதில்: டீச்சரம்மா, கணக்கு எடுத்தது நிஜம். 1822 ஜூன்ல எல்லா கலெக்டருக்கும் உத்தரவு போட்டாரு, உங்க ஜில்லாவுல எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைங்க, எந்த சாதி, ஆம்பளப் பிள்ளை எத்தனை பொம்பளப் பிள்ளை எத்தனை, என்ன படிக்கறாங்க, வாத்தியாருக்கு என்ன கூலி, எல்லாம் எழுதி அனுப்புங்கன்னு. பதில் வந்து சேர வருஷக்கணக்கா ஆச்சு. 1826 மார்ச்சுல அவர் எழுதின குறிப்புல மொத்தம் 12,498 பள்ளிக்கூடம், ஜனத்தொகை 1,28,50,941. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளிக்கூடம். பொம்பளப் பிள்ளைங்க ரொம்ப சொற்பம், அதனால ஆம்பளைங்கள மட்டும் வெச்சு பாத்தா ஐநூறு பேருக்கு ஒண்ணுன்னு அவரே கணக்கு போடறாரு. தமிழ் ஜில்லாக்கள்ல படிச்சவங்கள்ல பிராமணர் அல்லாத பிள்ளைங்கதான் அதிகம்.

அதனால பள்ளிக்கூடமே இல்லங்கறது பொய். எல்லாருக்கும் இருந்துச்சுங்கறதும் பொய்தான், அந்த பட்டியல்ல பொம்பளப் பிள்ளைங்க கட்டத்த பாத்தா நெஞ்சு அடைக்குது. எனக்கு முக்கியமா படறது அவர் சொன்ன காரணம், படிப்பு ஏன் தாழ்ந்து கிடக்குதுன்னா முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு ஜனங்களோட வறுமைன்னு எழுதறாரு. அந்த வறுமையில அவரோட சர்க்கார் வசூல் பண்ண தீர்வைக்கும் பங்கு உண்டு, அத நாமதான் சேத்து படிக்கணும்.

திண்ணைப் பள்ளிக்கூடத்துல கை வைக்காதீங்க, ஜனங்க அவங்க இஷ்டப்படி நடத்தட்டும்னு சொல்லிட்டு, கலெக்டர் ஊர்லயும் தாசில்தார் ஊர்லயும் சர்க்கார் பள்ளிக்கூடம் வெக்க திட்டம் போட்டாரு, வாத்தியார் சம்பளம் ஜில்லா பள்ளிக்கூடத்துல மாசம் 15 ரூபாய், தாசில்தார் ஊர்ல 9 ரூபாய். அவர் போனதும் அந்த திட்டமும் கொஞ்சம் கொஞ்சமா செத்துப் போச்சு.

கேள்வி: மந்திராலயத்துல ராகவேந்திர சுவாமி பிருந்தாவனத்துல இருந்து மன்றோவுக்கு தரிசனம் கொடுத்து பேசினாராமே?
*பக்தர், கோயம்புத்தூர்*

பதில்: மடத்துல சொல்ற கதை இப்படி. மடத்து மானிய நிலத்த சர்க்கார் எடுத்துக்கற பேச்சு வந்தப்போ விசாரிக்க மன்றோ வந்தாரு, தொப்பியையும் ஷூவையும் கழட்டிட்டு உள்ள போனாரு, அவர் யார்கூடயோ பேசற மாதிரி இருந்துச்சு ஆனா கூட இருந்தவங்க கண்ணுக்கு யாரும் தெரியல, கடைசியில மந்திராட்சதை வாங்கிட்டு போய் மானியத்த மடத்துக்கே விட்டுட்டாரு. இனாம் நிலங்கள விசாரிக்கறது கலெக்டரா அவரோட வேலை, அந்த மண் அவர் ஆண்ட பெல்லாரி பக்கத்துல இருந்ததும் சரி. சுவாமி பேசினாரா இல்லையாங்கறது உங்க நம்பிக்கை, அதுல நான் கை வைக்க மாட்டேன்.

எனக்கு அதிசயமா இருக்கறது வேற ஒண்ணு. திருமலையில நைவேத்தியம் பண்ற பெரிய பாத்திரத்துக்கு மன்றோ கங்காளம்னு பேரு, அவர் வேண்டிக்கிட்டு கொடுத்ததா சொல்றாங்க. சீடட் ஜில்லாக்கள்ல அவர மாண்டவ்ய ரிஷின்னு கூப்பிட்டாங்க, பிள்ளைங்களுக்கு மன்றோலப்பான்னு பேர் வெச்சாங்க. எந்த உத்தரவு போட்டும் வாங்க முடியாத விஷயம் அது. ஒரு பரதேசி துரை நம்ம பாஷையில நம்ம குறைய கேட்டுக்கிட்டாருங்கறதே அந்த ஜனங்களுக்கு அவ்ளோ பெருசா இருந்திருக்குன்னா, அதுக்கு முன்னாடி வந்தவங்க எப்படி இருந்திருப்பாங்கன்னு யோசிக்கிறேன்.

கேள்வி: என்னதான் சொன்னாலும் அவரு கம்பெனிக்காரர்தானே? ஏன் இவ்ளோ புகழணும்? சிலைய எடுத்துட வேண்டியதுதானே?
*இளம் வழக்கறிஞர், மதுரை*

பதில்: கம்பெனிக்காரர்தான், அதுல சந்தேகமே வேணாம். சீடட் ஜில்லாவுல இருந்த 80 பாளையக்காரங்கள அவர் ஒடுக்குன விதம் ரொம்ப கடுமைன்னு லண்டன்ல இருந்த கம்பெனி டைரக்டர்களே கண்டிச்சாங்க. 1817, 18 மராட்டியப் போர்ல கொஞ்ச பேர வெச்சுக்கிட்டு தென் மராட்டிய நாட்டையே புடிச்சு கொடுத்தாரு, அதுக்கு பட்டமும் வாங்கினாரு. பத்திரிகை சுதந்திரம் பத்தி 1822ல அவர் எழுதினத படிக்கறப்போ பத்திரிகைக்காரனா எனக்கு உடம்பு எரியுது, சுதந்திர பத்திரிகையும் அந்நியர் ஆட்சியும் ஒண்ணா இருக்கவே முடியாதுன்னு நேராவே சொல்லிட்டாரு, பத்திரிகைய விட்டா அது சிப்பாய் வரைக்கும் போய் சேரும்னு பயம்.

இன்னொன்னும் இருக்கு வக்கீல் தம்பி, நீங்க அவசியம் பாக்கணும். 1816ல அவர் தலைமையில வந்த சட்டங்கள்ல போலீசும் மாஜிஸ்ட்ரேட் அதிகாரமும் ஜட்ஜுகிட்ட இருந்து கலெக்டர்கிட்ட போச்சு. கிராம முன்சீப்புக்கும் பஞ்சாயத்துக்கும் சின்ன வழக்கு அதிகாரம் கொடுத்ததும் அதே சட்டங்கள்தான், நம்ம ஆளுங்கள நம்பணும்னுதான் செஞ்சாரு. ஆனா வரி வசூல் பண்றவன் கையிலயே போலீஸ் லத்தியும் இருந்தா என்ன நடக்கும்? அவர் செத்து 28 வருஷம் கழிச்சு, 1855ல மெட்ராஸ் சித்திரவதை விசாரணை கமிஷன் அறிக்கை வந்துச்சு. வரி பாக்கிக்காக குடியானவன வெயில்ல குனிய வெச்சு கட்டறது, அதுக்கு அண்ணாந்தாள்னு பேரு, விரல கட்டைக்கு நடுவுல வெச்சு நெருக்கறது, அதுக்கு கிட்டின்னு பேரு. இந்த ரெண்டும் தமிழ்ப் பேராவே அந்த இங்கிலீஷ் அறிக்கையில இருக்கு. செஞ்சவங்க கீழ்மட்டத்து நம்ம ஆளுங்கதான், ஆனா வரியும் போலீசும் ஒரே கையில இருந்தது இதுக்கு ஒரு காரணம்னு கமிஷனே சொல்லுச்சு.

இவ்வளவும் தெரிஞ்சும் எனக்கு அவர் மேல மரியாதை இருக்கு, அத மறைக்க மாட்டேன். 1813ல பார்லிமென்ட்ல கூப்பிட்டு கேட்டாங்க, இந்தியாக்காரங்க நாகரிகம் அடைஞ்சா நம்ம சரக்கு அங்க விக்குமான்னு. அவர் சொன்னாரு, நல்ல விவசாயம், கைத்தொழில் திறமை, ஊருக்கு ஊரு எழுத படிக்க கணக்கு போட சொல்லித் தர்ற பள்ளிக்கூடம், விருந்தோம்பல், பொம்பளைங்க கிட்ட மரியாதை இதெல்லாம் நாகரிகம்னா அவங்க நமக்கு கொறஞ்சவங்க இல்ல, நாகரிகத்த ரெண்டு நாட்டுக்கும் நடுவுல சரக்கா வித்தா, இறக்குமதி பண்றதுல இங்கிலாந்துக்குதான் லாபம். ஒரு இந்திய சால்வைய ஏழு வருஷமா போத்தறேன், அப்படியே இருக்கு, ஐரோப்பாவுல செஞ்ச சால்வைய சும்மா கொடுத்தா கூட நான் போத்த மாட்டேன்னாரு. மான்செஸ்டர் துணி விக்கறதுக்கு வழி தேடின ஆளுங்க முகத்துக்கு நேரா! 1824 டிசம்பர் கடைசி நாள்ல எழுதின குறிப்புல, இந்த ஜனங்கள பெரிய உத்தியோகத்துக்கே விடாம அடிச்சு வெச்சா அவங்க குணமே தாழ்ந்து போகும், ஒரு நாள் அவங்களே தங்கள ஆண்டுக்கற நிலைக்கு வரணும்னு எழுதினாரு. அந்த நாள் எங்கயோ தூரத்துலன்னுதான் நினைச்சாரு, ஆனா அப்போ அத சொன்ன கவர்னர் எத்தனை பேரு?

சிலைய எடுக்க வேணாங்கறது என் கருத்து. பக்கத்துல ஒரு பலகை வெச்சு பாதி விளைச்சல் தீர்வையையும் அந்த 25 சதவீத குறைப்பையும் பள்ளிக்கூட கணக்கையும் அண்ணாந்தாளையும் சேத்தே எழுதி வைங்க, படிச்சுட்டு ஜனங்க முடிவு பண்ணட்டும்.

கேள்வி: கடைசியில அவர் ஊருக்கு திரும்பினாரா?
*ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், அரக்கோணம்*

பதில்: திரும்பல ஐயா. ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டாரு, ஆனா 1824ல பர்மா போர் வந்துச்சு, மெட்ராஸ்தான் சிப்பாயும் சாமானும் அனுப்ப வேண்டியிருந்துச்சு, அதனால நின்னுட்டாரு. போர் 1826ல முடிஞ்சுது. அதே வருஷம் சின்ன பையனுக்கு உடம்பு சரியில்லன்னு மனைவி ஜேன் குழந்தைய தூக்கிட்டு கப்பல் ஏறிட்டாங்க. கிண்டி பங்களாவுல, அதான் இப்ப கவர்னர் மாளிகை இருக்கற இடம், வீடு வெறிச்சோடி கிடக்குதுன்னு அவர் மனைவிக்கு எழுதின கடிதத்த படிச்சா கவர்னர் எழுதினதா தெரியாது, பிள்ளைய பிரிஞ்ச அப்பன் எழுதினதா தான் தெரியும்.

புது கவர்னர் வர்றதுக்குள்ள, தான் வாழ்ந்த சீடட் ஜில்லாவ ஒரு தடவ பாத்து சொல்லிட்டு வரணும்னு 1827 மே கடைசியில கிளம்பினாரு. வழியில காலரா. அந்த காலத்துல காலரா கூடாரத்துக்குள்ள வந்துட்டா யாரு மிஞ்சுவான்னு சொல்ல முடியாது. ஜூலை 6ஆம் தேதி கர்னூல் பக்கம் பத்திகொண்டாவுல காலையில அவருக்கே ஆரம்பிச்சுது. நோய் ஒட்டிக்கும், இந்த கூடாரத்துல இருக்காதீங்க வெளிய போங்கன்னு கூட இருந்தவங்கள திரும்பத் திரும்ப சொல்லிக்கிட்டே இருந்திருக்காரு. ராத்திரியே உயிர் போயிடுச்சு. வயசு 66. உடம்ப அனந்தபூர் பக்கம் குத்திங்கற (Gooty) ஊருக்கு கொண்டு போய் கோட்டை அடிவாரத்துல புதைச்சாங்க, 1831ல எலும்ப எடுத்துட்டு வந்து சென்னை கோட்டைக்குள்ள இருக்கற செயின்ட் மேரி சர்ச்சுல வெச்சாங்க. பத்திகொண்டாவுல அவர் நினைவா ஒரு கிணறு வெட்டி தோப்பு வெச்சாங்க.

நீங்க ரயில்வேக்காரர், பம்பாய் மெயின் லைன்ல குத்தி ஜங்ஷன் உங்களுக்கு மனப்பாடமா தெரியும். மந்திராலயம் போறப்போ வண்டி அங்க நிக்கும், ஊருக்கு மேல மலைக்கோட்டை தெரியும். அதோட அடிவாரத்துலதான் முதல்ல புதைச்ச இடம், கல்லு இன்னும் இருக்கு.